அப்பா குனிந்து பார்த்த தொட்டி

அன்புக் குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, காலைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டே எழுதுகிறேன். பக்கத்து வீட்டு டெய்லர் அக்கா உன் பழைய சைக்கிளைத் தன் மகளுக்குக் கேட்டார், கொடுத்துவிட்டேன், கோபப்படாதே. அப்பா இன்னும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறாரா என்று போன முறை கேட்டாய், நான் பேச்சை மாற்றிவிட்டேன். அவர் சொல்லைக் கேட்காமல் நீ அந்த வேலைக்குப் போனதிலிருந்து, உன் போன் வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். ஆனால் இந்தப் புதன்கிழமை ஒன்று நடந்தது, அதைப் போனில் சொல்ல எனக்கு வராது.

எங்கள் கம்பெனியில் கை சூடாக்கும் பைகள் செய்கிறோம் அல்லவா, அதற்கு வினிகர் வாடை அடிக்கிற ஓர் உப்பைக் கொதிநீரில் கரைக்க வேண்டும். கரையக் கரையச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், அடுப்பைக் குறைத்தால் கரைவது நின்றுவிடும். பிறகு மூடி, அசைக்காமல் ஆறவிடுவோம். ஆறிய தண்ணீரில் அவ்வளவு உப்பு நியாயமாகத் தங்கக் கூடாது, ஆனாலும் தங்கும், பார்த்தால் வெறும் தண்ணீர்தான். அதில் ஒரு துகள் உப்பு விழுந்தால் போதும், எல்லாம் கட்டியாகிவிடும். அதனால் தொட்டி அறைக்குள் முதலாளியே வந்தாலும் வாசலில் சட்டை மாற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

நான் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க அப்பா வந்தார். வாசலில் உப்பு மூட்டை இறங்கிக்கொண்டிருக்க, சும்மா நிற்க முடியாமல் ஒரு கை பிடித்திருக்கிறார். அதே சட்டையோடு நேரே உள்ளே வந்து, பை நிரப்புவதற்காகத் திறந்து வைத்திருந்த தொட்டியை, என்னது, வெறும் தண்ணியா என்று குனிந்து பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கைமடிப்பிலிருந்து ஏதோ உதிர்ந்தது. விழுந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதிலிருந்து இழை இழையாக, இறகு விரிவது போல, சத்தமே இல்லாமல் வெண்மை பரவியது. ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் மெல்ல நடந்து போவது போல் இருந்தது. பை நிரப்பும் பெண்கள் எட்டிப் பார்த்து, சார் முறைச்சா தண்ணிகூட உறைஞ்சு போகுதே, வீட்ல எப்படிக்கா சமாளிக்கிறீங்க என்று சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. தொட்டியின் பக்கவாட்டில் வைத்த கையை எடுக்கவும் இல்லை. அடுப்பே எரியலையே, சூடா இருக்கே என்றார். கரைக்கும்போது நாம கொடுத்த சூடுதான், இவ்வளவு நேரம் வெளியே காட்டாம வச்சிருந்தது, கட்டியாகும்போது திருப்பிக் கொடுக்குது என்றேன். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், அவ இருக்கிற ஊர்ல இப்ப ரொம்பக் குளிரா என்று கேட்டார்.

ஒரு நாள் வேலை போச்சு என்று முதலாளி முனகினார், மறுபடி கொதிக்கவைத்ததும் கரைந்துவிட்டது. அன்று சாயங்காலம் அந்தக் கை சூடாக்கும் பைகளில் சிலவற்றை உனக்கு அனுப்பச் சொன்னதும் அப்பாதான். உன் முகவரிக்காக நான் போனைத் தேடி எடுப்பதற்குள், வீட்டு எண், தெரு, பின்கோடு எல்லாம் பொட்டலத்தின் மேல் எழுதி முடித்திருந்தார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

நினைத்தது எல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. ஞாயிறு காலை போன் வரும். என் குரல் கேட்கவில்லையே என்று வைத்துவிடாதே. முதலில் கொஞ்சம் இருமுவார், பொறுத்திரு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா