ஈரத்தோலைத் தாண்டி வந்த சிக்னல்

காலையில் மழை. காயாத போர்வையைக் கூடத்தில் கொடி கட்டித் தொங்கவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளறையிலிருந்து மகள், "அம்மா, நெட் போச்சு!" என்று கத்தினாள். போர்வையை எடுத்தேன். "வந்துடுச்சு! இன்னாம்மா பண்ணே?" என்றாள். நான் உன்னை நினைத்துக்கொண்டு நின்றேன், தோஸ்த். சத்துவாச்சாரி வீட்டுக்குள் ஆம்பூர்த் தோல் வாசனை அடித்தது.

ஆம்பூரில் நாம் வேலை பார்த்த அந்தத் தோல் கம்பெனி ஆபீசில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கம்ப்யூட்டர்களில் காசில்லாத லினக்ஸ் போடலாம் என்று முதலாளியிடம் மல்லுக்கட்டியவள் நீ. முற்றத்தில் ஒயர் இழுத்தால் லாரி ஏறி நசுக்குகிறது என்று எதிர்ப்பக்கத்துக் கோடவுன் கம்ப்யூட்டருக்கு வயர்லெஸ் வைத்ததும் நீதான். அதுவோ காலையில் வரும், கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும். "எல்லாம் உன் லினக்ஸாலதான். சனிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா நீ பேக்கிங்குக்குப் போய்டும்மா" என்று சொல்லிவிட்டார் முதலாளி. உன் முகம் சுண்டிப்போனது எனக்குத் தாங்கவில்லை.

டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். சேனலை மாற்றினேன். பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாக அடித்தேன். வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு லீவு. நாம் மட்டும் வந்தோம். அன்றைக்கு முழுக்க சிக்னல் ஜம்மென்று இருந்தது. நான்தான் சரிசெய்தேன் என்று பீற்றிக்கொண்டு உன்னிடம் பிரியாணி கேட்டேன். சனிக்கிழமை காலையில் மறுபடி இறங்க ஆரம்பித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நீ சிக்னல் அளவைக் காட்டும் கட்டளையைத் திரையில் ஓடவிட்டு, கோடவுன் ஜன்னலருகே போய் நின்றாய்.

"இங்க வாடி. அவங்க தோலு மாட்ட மாட்ட நம்பர் கம்மியாவுது பாரு."

முற்றத்துக் கொடிகளில் ஆட்கள் ஈரத்தோல்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வரிசை நிறைந்தது, எண் இறங்கியது. அடுத்த வரிசை நிறைந்தது, இன்னும் இறங்கியது. வெள்ளிக்கிழமை அந்தக் கொடிகள் காலியாகத்தானே கிடந்தன! எனக்குப் புல்லரித்துப்போனது.

"செங்கல் சுவரைத் தாண்டி வருது. ஆட்டுத்தோல்ல இருக்கிற தண்ணியைத் தாண்ட முடியல. யா அல்லா!" என்றாய். நீயும் சிலிர்த்த கையைத் தேய்த்துக்கொண்டுதான் நின்றாய்.

ஆபீஸ் வயர்லெஸ் பெட்டியை மாடிப்படி உச்சிக்கு ஏற்றினோம், கோடவுன் ஆன்டெனாவை மேல் ஜன்னலுக்கு மாற்றினோம். தொங்கும் தோல்களுக்கு மேலாகச் சிக்னல் பாய்ந்து வந்தது. முதலாளி வந்தபோது கோடவுன் ஸ்டாக் முழுக்கத் திரையில் இருந்தது. "லினக்ஸ் மேல தப்பு இல்லைன்னு அப்பவே சொன்னேன்ல?" என்று அவரிடமே கேட்டாய். அவர் சிரித்துவிட்டார். பேக்கிங் பேச்சு அதோடு போயிற்று.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று அத்தனை நாளும் நம் தலைக்கு மேலே போய்வந்துகொண்டிருந்தது என்ற பிரமிப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. இப்போதும் எது நின்றாலும் முதலில் எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். ஆபீஸ் பெண்கள் கேலி பண்ணுகிறார்கள்.

நீ போய்விட்டாய் என்று போன் வந்த அன்றும் ஜன்னலுக்குத்தான் போனேன். எதையாவது நகர்த்தினால் வந்துவிடுவாய் என்று நினைத்தேனோ என்னவோ. நல்ல வெயில். கொடியில் ஒரு துணிகூட இல்லை.