ஏழாம் துளையில் நாற்பது நொடி

நாள் 212. 09:40
நிலவின் தென்துருவ நிலையம். எழுதுபவர் பனித் துளைப்புப் பொறியாளர் ஜெசிந்தா பர்னாந்து. ஏழாம் துளை, ஆழம் 141 மீட்டர். இயந்திரம் சீராக ஓடுகிறது. அதிலிருந்த அழுத்தத் திரை மட்டும் தூசியில் செத்துப்போனது. துளையின் அடியில் சேரும் வாயுவின் அழுத்தம் இனி நிலையத்துத் திரையில்தான் தெரியும். அங்கே ஒருவர் உட்கார்ந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசித்துச் சொல்ல வேண்டும். எண் ஆறைத் தொட்டால் அடைப்பானை மூடிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். 200 மீட்டரில் மிகப் பழைய பனி இருக்கிறது என்பது என் கணிப்பு. இரண்டு வருடமாகச் சொல்லி வருகிறேன்.

நாள் 212. 15:05
விபத்து. கொக்கியிலிருந்து நழுவிய துளைக்குழாய் ஒன்று ஆடியது. உடம்பைத் திருப்பி இரு கையாலும் நிறுத்தினேன். இங்கே எடை ஆறில் ஒரு பங்குதான். ஆனால் நகரும் இரும்பை நிறுத்தப் பூமியில் எவ்வளவு பலம் வேண்டுமோ அவ்வளவும் வேண்டும். பயிற்சியில் மற்றவர்களுக்கு நானே சொல்லித்தருவது இது. இடுப்புக்குச் சற்று மேலே ஏதோ சடக்கென்றது. வலி இடது காலில் இறங்கிப் பாதம் வரை போனது. என் உதவியாளர் வாணி என்னை வண்டியில் ஏற்றி நிலையத்துக்குக் கொண்டுவந்தாள்.

நாள் 213. 08:15
படுத்தபடியே எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேர். மெகருன்னிசா நிலையத் தலைவி, மருத்துவரும் அவள்தான். கோகிலவாணி என் உதவிப் பொறியாளர், பொள்ளாச்சிக்காரி, இருபத்தொன்பது வயது. மூன்றாவது நான்.

மெகர் சொன்னது: "எலும்பு ஒடையல ஜெசி. டிஸ்க் பிதுங்கி நரம்ப நெரிக்குது. குனியாத, தூக்காத, இடுப்பத் திருப்பாத. ரெண்டு நாள் படு. அதுக்கு மேல படுத்தே கெடக்கவும் கூடாது, நடக்கணும். ஆறு வாரம்."

துளை நிற்காது. நாளை முதல் வாணி ஓட்டுவாள். நான் திரையில் எண் வாசிப்பேன்.

நாள் 219. 11:30
இடுப்புப் பட்டை. நாற்காலியில் இருபது நிமிடம், பிறகு ஐந்து நிமிட நடை. காலையும் மாலையும் கவிழ்ந்து படுத்து, கட்டிலோடு வார் போட்டு இடுப்பை இறுக்கி, முழங்கை ஊன்றி மெல்ல எழும்ப வேண்டும். பத்து முறை. இடது கட்டைவிரல் இன்னும் மரத்தே இருக்கிறது.

வாணியின் அழைப்பு: "அக்கா, நூத்தி அறுபத்திரண்டு தாண்டிட்டோமுங்க! நீங்க சொன்ன மாதிரியே வேகத்தக் கொறச்சு ஓட்டுனேன், அருமையாப் போகுதுங்க."

நாள் கணக்கில் பார்த்தால் என் வேகத்தைவிட அதிகம். அவள் அதைச் சொல்லவில்லை. நானே கணக்கிட்டுப் பார்த்துக்கொண்டேன்.

நாள் 226. 10:10
பூமியிலிருந்து செய்தி வந்தது. "துளைப்புத் தலைவர் கோகிலவாணிக்கு வாழ்த்துகள்." தற்காலிகம் என்ற சொல் அதில் இல்லை. மும்முறை படித்தேன்.

அவள் திரும்பி வந்ததும் பனித்தூள் ஒட்டிய மாதிரிக்குழாயை என் கட்டிலுக்கே கொண்டுவந்து காட்டினாள். நான் தொட்டுப் பார்க்கட்டும் என்றுதான். எனக்கு அதைச் சுவரில் அடிக்கத் தோன்றியது. அவள் குனிந்து காலணியின் வாரைக் கழற்றினாள். எவ்வளவு சுலபமாகக் குனிகிறாள்! வெகுநேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாள் 233. 17:20
பத்து முறை செய்ய வேண்டியதை அறுபது முறை செய்தேன். பிறகு, பலம் வந்துவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர்க் கலனைத் தூக்கினேன். விழுந்த இடத்திலேயே அரைமணி நேரம் கிடந்தேன். வாணிதான் வந்து தூக்கினாள்.

மெகர்: "திரும்ப முதல்லேந்து ஆரம்பிக்கணும். உன் முதுகுக்கு அவசரமில்ல ஜெசி. உனக்குத்தான் அவசரம். யாரு ஒன்ன வெரட்டுறா?"

விரட்டுகிறவள் பக்கத்தில் நின்று என் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

நாள் 251. 14:02
ஆழம் 199. வாணி துளையில், நான் திரையில். எண் வழக்கம்போல நாலரையில் நிற்கிறது.

நாள் 251. 18:45
நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இதை எடுத்துப் படிப்பவருக்கு வேறு எதையும் மறைத்தாலும் இதை மறைக்கக் கூடாது.

14:31க்கு வாணி கூவினாள்: "அக்கா, நெறம் மாறுதுங்க! நீலமா வருது! இதுதானுங்களே நீங்க சொன்னது?"

இதுதான். இரண்டு வருடம் நான் சொன்னது. அவள் கையில்.

அதே நேரத்தில் எண் ஐந்தே முக்கால். அடுத்து ஆறு. ஆறரை. பேசும் பொத்தானின் மேல் என் விரல் இருந்தது. அழுத்தவில்லை. இயந்திரம் சிக்கட்டும், குழாய் வளையட்டும், இன்று அவளுக்குப் பனி கிடைக்காமல் போகட்டும் என்று நினைத்தேன். எண் ஏழைத் தாண்டியபோதுதான் கத்தினேன்: "வாணி, வெலகுடி! ஓடு!"

நாற்பது நொடி. திரைப் பதிவில் நேரம் இருக்கிறது.

அவள் ஒரே அடிதான் எடுத்து வைத்தாள். வாயு பீறிட்டுக் குழாயை வெளியே எறிந்தது. குழாய் அவள் முதுகில் அடித்தது. விண்ணுடை கிழியவில்லை. மெகர் போய்க் கொண்டுவந்தாள்.

நாள் 252. 09:00
மெகர்: "முதுகெலும்புல ஒண்ணு நொறுங்கியிருக்கு. கால் அசையுது, அல்லாஹ் காப்பாத்தினான். நடக்க மாசக்கணக்காகும்."

வாணி என்னைக் கூப்பிட்டனுப்பிச் சொன்னாள்: "நீங்க கத்தலீன்னா நான் செத்தே போயிருப்பேனுங்க அக்கா."

நான் அவள் போர்வையைச் சரிசெய்தேன்.

நாள் 274. 10:30
இப்போது ஒழுங்காக இருக்கிறேன். பத்து என்றால் பத்து. ஐந்து நிமிட நடை என்றால் ஐந்தே. கட்டைவிரலில் உணர்வு வந்துவிட்டது. முள்கரண்டி கீழே விழுந்தாலும் முழங்காலை மடக்கித்தான் எடுக்கிறேன். வாணிக்கு உடம்பை மரக்கட்டைபோல ஒரே திருப்பாகத் திருப்பக் கற்றுத்தருகிறேன். வலிக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். பிடித்த இடத்தில் நகம் பதிகிறது. அது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

இரண்டு முறை சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை.

நாள் 296. 11:15
மெகர் அனுமதி தந்துவிட்டாள். பட்டை கட்டிக்கொண்டு, இயந்திரக் கையால் மட்டுமே குழாய் தூக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. வாணி சாய்வுப் படுக்கையில் திரைக்கு முன்னால் இருக்கிறாள். தானே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. எண் வாசிக்கிறாள்.

நாள் 296. 12:48
துளையருகே குரலில் பதிகிறேன். 200 மீட்டர். நீலப் பனி என் கையில். பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

வாணி: "அக்கா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்குவீங்களா? உங்க மேல பொறாமையா இருக்குதுங்க. அது நான் எடுக்க வேண்டியது."

அவள் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள்!

நான்: "வாணி, அன்னைக்கு எண் ஆறத் தொட்டது எனக்குத் தெரியும். நாப்பது செகண்டு சும்மா இருந்தேன்."

அடுத்த குழாயை இயந்திரக் கையில் மாட்டினேன்.

வாணி: "அந்த நாப்பது செகண்டு என்ன நெனச்சீங்க?"

"நீ தோத்துப்போகணும்னு நெனச்சேன்."

"சாவணும்னா?"

"இல்ல. அப்படி இல்ல. இல்லன்னுதான் நெனைக்கேன்."

"சரிங்க. அழுத்தம் நாலு புள்ளி எட்டு. வேலையப் பாருங்க."

நாள் 296. 12:55
துளையை நிறுத்தலாம். நிறுத்தவில்லை. அவள் வாசிக்கட்டும். வாசிக்க மாட்டாள் என்றால் அதுவும் அவள் விருப்பம்.

அடுத்த எண் ஒரு நிமிடத்தில் வர வேண்டும். ஐம்பது நொடி. அறுபது. இயந்திரம் வழக்கத்தைவிட அதிர்கிறதா? எழுபது. எழுபத்தைந்து.

எண்பதாவது நொடியில் குரல் வந்தது: "அஞ்சு புள்ளி ஒம்போது. மூடிட்டுத் தள்ளிப் போங்க."

மூடிவிட்டேன். தள்ளி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

தாமதமான அந்த இருபது நொடியில் அவள் என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை.