தொட்டிலை நிறுத்தச் சொன்ன மாப்பிள்ளை

என்னங்க, உங்கள் முட்டி வலிக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா? நானும் மகளும் பேத்தியும் சுகம். மாப்பிள்ளைக்குத்தான் பைத்தியம் முற்றிவிட்டது.

முழங்கை நீளத்துக்கு ஒரு தொலைநோக்கி வாங்கி, அதில் கேமராவை மாட்டி, பலகைத் தரை போட்ட பால்கனியில் நின்று வானத்தைப் படம் பிடிக்கிறார். நேற்று வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, "அத்தை, தொட்டில ஆட்டாதீங்க. தரை அதிருது, நட்சத்திரமெல்லாம் கோடு கோடா விழுது" என்றார்.

"நட்சத்திரம் பாலுக்கு அழுதா சொல்லுங்க மாப்பிள்ளை, அப்ப நிறுத்துறேன்" என்றேன். பிள்ளை பெற்றதிலிருந்து சிரிப்பையே மறந்திருந்த உங்கள் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் தொலைநோக்கிக் குழாயைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிட்டார்.

விடிந்ததும் ஒரு படம் காட்டினார். பால் பொங்கி வழிந்த அடுப்பு மாதிரி ஒரு கறை. ஏதோ நட்சத்திரக் கூட்டமாம், எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் இருக்கிறதாம்.

"நம்ம வீடு தெரியுமா இதுல?"

"அதெப்படித் தெரியும் அத்தை?"

இந்த லட்சணத்துக்கு இவ்வளவு அலட்டல்!

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். கூடவே உங்கள் படம் ஒன்று. வெளிச்சத்தில் அசையாமல் நில்லுங்கள். கோடு கோடாக வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். பேத்தி சிணுங்குகிறாள், தொட்டிலுக்குப் போகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி