பதினெட்டு கிலோமீட்டரை விழுங்கியவன்

மார்ச் 3, திங்கள்

இனி இந்த நோட்டில் வரப்போவதை யாரும் நம்பமாட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. எழுதுகிற எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஒரு காட்டையே, மரம் மிருகம் ஓடையோடு, ஒற்றைக் கையால் நகர்த்திவைத்த மாமனிதன் இந்த ஊரில் வாழ்கிறான். வயது ஐம்பத்தெட்டு. முதுகுவலி உண்டு. அச்சகத்தில் சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களுக்கு வரைபடம் போடுகிறான். இன்று மட்டும் ஒன்பது விடுதிகளை வரைந்தான். கண் எரிகிறது.

மாலையில் அக்கா வீடு. அடுத்த மாதம் அவளுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை.

"அதுக்கு முன்னாடி ஒரு தடவை காட்டைப் பாத்துடணும்டா. டிவில இல்ல. என் கால்ல நடந்து போய், ஒரு மரத்தைத் தொட்டுட்டு வரணும்."

அவள் மகள், என் மருமகள், நர்ஸ். விதி அவளுடையது: ஒரே மூச்சில் நூறு அடிக்கு மேல் நடை கூடாது. குலுங்குகிற வண்டி கூடவே கூடாது.

மார்ச் 5, புதன்

காட்டுக்கு இரண்டு வாசல். ஒன்று மலைப்பக்கத்து ஊர்: மூடுபனி, கண்ணாடி ஜன்னல் விடுதிகள். மற்றது ஆற்றுப்பக்கத்து ஊர்: ஒரு பஸ் நிலையம், ஒரு பழைய விடுதி, கொசு. இரண்டு பிரசுரங்களையும் மேசையில் விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு அக்கா ஆராய்ந்தாள்.

"மலை ஊர்ல விடுதி வாசல்லயே காடு இருக்கு பாரு. உன் கைவேலைதானே? அப்புறம் என்ன யோசனை?"

என் கைவேலைதான். அதுதான் யோசனை.

மார்ச் 6, வியாழன்

இங்காவது ஒழுங்காக எழுதுகிறேன். பல வருஷம் முன்னால் அந்த மலை ஊர் விடுதிக்குப் பெரிய விளம்பரக் கட்டம் வேண்டியிருந்தது. தாளில் இடமில்லை. முதலாளி எட்டிப்பார்த்து, "காட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுய்யா" என்றார். தள்ளினேன். பதினெட்டு கிலோமீட்டர். அத்தனையும் ஜீப் மட்டுமே போகிற கல்பாதை. பூகம்பங்கள் என்னிடம் பயிற்சிக்கு வரலாம்.

மார்ச் 7, வெள்ளி

சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சுற்றிவளைத்துப் பார்த்தேன். மலை ஊரில் அட்டைப்பூச்சிகள் தலையணை அளவு இருக்கும், இரண்டு பேர் சேர்ந்துதான் பிய்க்க முடியும் என்றேன்.

"அட்டை எனக்குப் பழக்கம்தான் மாமா. வார்டுல உங்கள மாதிரி எத்தனை பேர் ஒட்டிக்கிட்டு இருக்காங்க" என்றாள் மருமகள்.

வாழ்நாள் முழுக்க அளந்துவிட்டதற்குக் கூலி இது. உண்மையாகவே எச்சரிக்கிற அன்று ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. நாளைக்கு அறை பதிவு செய்கிறார்களாம். அக்கா போய் இறங்கி, அந்தக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நாலு நாள் உட்கார்ந்திருப்பாள். அப்புறம் ஆஸ்பத்திரி. அப்புறம் எப்போ நடப்பா? நடப்பாளா?

மார்ச் 10, திங்கள்

சொல்லிட்டேன். நின்னுக்கிட்டே சொன்னேன், உட்காரத் தைரியமில்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எத்தனை வருஷமாடா இந்தப் படம் ஓடுது?"

"பதினொண்ணு."

"எத்தனை பேரு அங்க போய் இறங்கி, காடு எங்கன்னு கேட்டு நின்னிருப்பாங்க?"

இதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அக்கா மற்றப் பிரசுரத்தை இழுத்துவைத்து, "ஆத்து ஊருப் படமாவது ஒழுங்கா இருக்கா?" என்றாள்.

"அங்க விளம்பரம் கொடுக்க ஆளே இல்லக்கா. பொய் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கல. விடுதிப் பின்வாசல்ல இருந்து அறுபது அடி."

"அப்போ அங்கயே போவோம்" என்றாள்.

மார்ச் 12, புதன்

மலை ஊர்ப் பிரசுரம் மறுபதிப்புக்கு வந்தது. காட்டை இருந்த இடத்துக்கே அனுப்பிவிட்டேன்.

"என்னய்யா, காடு தாளை விட்டே வெளிய போயிடுச்சு?"

"அது அங்கதான் இருக்கு முதலாளி."

ஓரத்தில் ஓர் அம்புக்குறி, தூரம். கத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். அம்பு அச்சில் நிற்குமா, தெரியாது. அலுப்பாக இருக்கிறது.

மார்ச் 22, சனி

திரும்பி வந்தாயிற்று. அச்சகத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்: முந்நூறு யானைகள் வரிசையில் நின்று துதிக்கை தூக்கின. புலி வந்து அக்காவின் பையை வாங்கிக்கொண்டது. ஆறு, வழிவிட்டு ஒதுங்கிப் படுத்தது.

ஒரு அணில்கூடத் தென்படவில்லை. மூன்று நாளும் கொசு.

இரண்டாம் நாள் காலையில் அக்கா பின்வாசலைத் திறந்தாள். நான் கையை நீட்டினேன், தட்டிவிட்டாள். நடுவில் ஒருமுறை நின்றாள். மருமகள் ஓடிவரப் பார்த்தாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அக்கா முதல் மரத்தில் உள்ளங்கையை வைத்து, நெற்றியையும் வைத்துக்கொண்டாள்.

"அறுபதுன்னியே. அறுபத்துமூணு ஆச்சு."

அந்த அறுபத்துமூன்று அடி மட்டும் நிஜம். பின்னால் நின்று நானும் எண்ணினேன்.