வீடு மேலே போகிறது

அன்பு மகளுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. நாங்கள் இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே பட்டென்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது, முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயம் என்ன தெரியுமா? நம் வீடு மேலே போய்க்கொண்டிருக்கிறது! அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்காதே. ஒரு சுவரையும் இடிக்கவில்லை. சுவர்களுக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்திருக்கிறார்கள். மேஸ்திரி விசில் ஊதினால் எல்லா ஆட்களும் ஒரே சமயத்தில் ஒரு திருகு. அவ்வளவுதான், வீடு துளி எழும்புகிறது. நான் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் மாடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன். வேலை முடியும்வரை எங்களுக்குச் சாப்பாடு, படுக்கை எல்லாம் அங்கேதான். முதல் விசிலுக்குத் தையல்காரம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இப்போதோ விசில் நின்றால் இருப்புக் கொள்ளவில்லை.

எல்லாம் நகராட்சியின் புதுச் சட்டத்தால் வந்தது. நம் தெருவைப் போலத் தாழ்வான இடங்களில், மூன்று வருஷத்துக்கு முன் வந்த வெள்ளம் நின்ற உயரத்துக்கு மேலே இரண்டடி விட்டுத்தான் வீட்டின் தரை இருக்க வேண்டும். கீழே சுவர் வைத்து அடைக்கவும் கூடாது. தண்ணீர் வந்தால் தூண்களுக்கு நடுவே அது பாட்டுக்குப் போய்விட வேண்டுமாம். உன் அப்பா ஆரம்பத்தில் குதித்த குதி இருக்கிறதே! "எவனோ மேஜைல உக்காந்து சட்டம் போடுவான், நான் வீட்டத் தூக்கிக்கிட்டு நிக்கணுமா?" என்றார். இப்போது தூக்கிக்கொண்டுதான் நிற்கிறார்.

எவ்வளவு உயர்த்துவது என்று அளக்க இன்ஜினியர் அம்மா வந்தார். வெள்ளம் நின்ற கறைக்கோடு சுவரில் எங்கே என்று கேட்டார். கோட்டுக்கு எங்கே போவது? நீ கோபித்துக்கொண்டு போனதுமே இரண்டு பூச்சு வெள்ளையடித்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் உன் அப்பா. தெரு முழுக்க முழங்கால் தண்ணீர்தான் என்று சொல்லித் திரிந்தவர். உன்னையே "முழங்கால் தண்ணிக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டவர். அந்த ஒரு சொல்லுக்குத்தானே கைக்குழந்தையோடு வாசல் இறங்கினாய்.

அக்கம்பக்கமெல்லாம் கூடி நிற்கிறது. மறுபடி முழங்கால் என்று சொன்னால் எல்லார் முன்னாலும் வாயைத் திறந்துவிடுவது என்று நானும் தயாராக நின்றேன். அதற்குள் அவர் சுவரோரம் போய்த் தன் நெஞ்சில் கையை வைத்தார். "இதுவரைக்கும் வந்துச்சும்மா. எனக்கு இது நெஞ்சு, எம் பொண்ணுக்குக் கழுத்து. நாங்க வெளியூர்ல மாட்டிக்கிட்டோம். அவ தனியாக் குழந்தையத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நின்னா" என்றார். அடியே, உன் அப்பாவா பேசினார்! அதோடு விட்டாரா? "ரெண்டடி பத்தாது, மூணடியாப் போடுங்க" என்று ஒற்றைக்காலில் நின்றார். பிறகு குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தையல்காரம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

வீடு உயர்ந்தால் படி வேண்டும், படிக்குக் கைப்பிடி வேண்டும். உயரம்தான் முடிவாகிவிட்டதே, படியை முன்னாலேயே கட்டிவிட்டார்கள். வெல்டர் நேற்று வந்தார். அப்பா இரண்டு கம்பி கேட்டார், மேலே ஒன்று நமக்கு, கீழே ஒன்று சின்னக் கைக்கு. கீழ்க்கம்பி எந்த உயரம் என்று வெல்டர் கேட்டார். அப்பா கையை இடுப்புக்கு நேரே வைத்துப் பார்த்தார், கொஞ்சம் இறக்கிப் பார்த்தார், கடைசியில் "தெரியலையேப்பா" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? மடியில் கிடந்த குழந்தையாகத்தானே பார்த்தோம். மேல்கம்பியை மட்டும் அடித்துவிட்டு வெல்டர் போய்விட்டார்.

குட்டியின் உயரத்தை எழுதி அனுப்பச் சொல் என்றுதான் அப்பா என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார வைத்தார். எழுதாதே, கண்ணு. கூட்டிக்கொண்டு வந்து படியில் நிறுத்து. அளவை அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா