ஒன்றேகால் மணி நேரத் தூரம்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
9.2.2025

அன்புள்ள ஷாரோன்,

நலமா? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய். அதனால் பழையபடி கடிதமே போடுகிறேன்.

புது வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவும் எங்களோடுதான். கிரகப்பிரவேசத்துக்கு நீ வரவில்லை. "ஆஸ்பத்திரில லீவு தரலைடி, ராஜமுந்திரி என்ன பக்கத்துலயா இருக்குது?" என்றாய். நம்பினேன். அடுத்த ஞாயிறே, உன்னோடு வேலை செய்யும் கமலாட்சியின் வீட்டுக்கு விசாகப்பட்டினம்வரை ரயிலேறிப் போயிருக்கிறாய். அவள் போட்ட படத்தில், அவர்கள் அடுப்படியில் நின்று பூரி பொரித்துக்கொண்டிருக்கிறாய். அவள் கை உன் தோள்மேல் கிடக்கிறது. அதை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் தெரியுமா?

கோபத்தில் தேடிப் பார்த்தேன். திருப்பதி விமான நிலையத்துக்கும் ராஜமுந்திரிக்கும் ஆகாயத்தில் நானூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம். ஒன்றேகால் மணி நேரம். திருப்பதியிலிருந்து இங்கே பஸ்ஸில் மூன்று மணி நேரம். காலையில் கிளம்பினால் மாலைக்குள் என் வீட்டில் இருக்கலாம். வீட்டுக்காரர் குமரன்கூட, "பிளேன் டைமெல்லாம் எழுதி வச்சிக்கினு யார்கூட சண்டை போடப்போற?" என்று சிரிக்கிறார்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு நாம். நான்கு வருடப் பழக்கத்தில் அவள் எப்படி முந்தினாள்?

உன்
காவேரி

ராஜமுந்திரி
18.2.2025

காவேரி,

விமான நேரம் சரிதான். உன் பத்திரிகை வந்த அன்றே நானும் பார்த்தேன். லீவும் கிடைத்தது. பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள்.

உன் வளைகாப்பன்று தண்ணீர் குடிக்க உங்கள் அடுப்படிக்குப் போனேன். உன் அம்மா நிலைப்படியில் வந்து நின்று, "நீ இங்கயே உக்காரு பாப்பா, நான் எடுத்தாறேன்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். உன் மற்ற தோழிகள் உள்ளே போய் வந்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே அப்படித்தான். ஏன் என்று காலனிப் பெண்ணுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

உன் அம்மாவைக்கூட விடு. ஒவ்வொரு முறையும் நீ வேறு பக்கம் திரும்பிக்கொண்டாய்.

கமலாட்சியின் அம்மா, நான் போனதும் கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அந்தப் படத்தில் இருப்பது அவ்வளவுதான்.

ஷாரோன்

காஞ்சிபுரம்
10.3.2025

அன்புள்ள ஷாரோன்,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும், எனக்கு எதுவும் தெரியாது என்று எழுதியிருந்தேன். தெரியும். ஒவ்வொரு முறையும் பார்த்தேன். அம்மாவிடம் கேட்டால் நீ வருவதே நின்றுவிடுமோ என்று முதலில் பயந்தேன். பிறகு பழகிவிட்டது.

போன வாரம் அம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் அந்தக் காலம்மா. இப்ப எதுக்குக் கிளறிக்கினு" என்றார்.

"சரி, நாளைக்கே அவ வந்தா அடுப்படிக்குள்ள வரலாமா?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே இருந்தார்.

அதனால் உன்னை இங்கே கூப்பிடவில்லை. 22ஆம் தேதி சனிக்கிழமை நான் வருகிறேன். மதியம் இரண்டு மணிக்கு ராஜமுந்திரியில் இறங்கி, விமான நிலைய வாசலில் இருப்பேன். மனமில்லையென்றால் வராதே. மறுநாள் திரும்பிவிடுவேன். கோபித்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

கமலாட்சிமேல் பொறாமை இன்னும் போகவில்லை. நான் அம்மாவிடம் கேட்க வேண்டியிருந்ததை, அவள் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

காவேரி