அக்கா சொன்ன அம்மையும் டாக்டர் சொன்ன பொத்தானும்

மார்ச் 4, செவ்வாய்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வருஷத்தை எண்ணில் சொல்லவும் வராது. இது பக்கத்து வீட்டு ஜெயபாலன் லாரியை விற்ற வருஷம். நாங்கள் பிறந்த தோட்டத்தில் கடைசி ரப்பர் நிரையைச் சாய்த்து மாடி வீடு கட்ட ஆரம்பித்த வருஷம். நான் போனில் பேசிப் பதிகிறேன். மகள் தினேஸ்வரி அதைக் கேட்டு எழுதித் தேதி போடுகிறாள். எதற்கு என்றால், நான் சொன்னதைச் சொல்லவே இல்லை என்று என் அக்கா காளியம்மா நாளைக்குச் சாதிக்கக்கூடாது.

இன்று விசேஷம் ஒன்றுமில்லை. வாயில் புண். தைப்பூசத்திலிருந்தே இருக்கிறது. சம்பல் காரம் பட்டால் உயிர் போகிறது.

மார்ச் 9, ஞாயிறு

நெஞ்சிலும் முதுகிலும் கொப்புளம். நீர் கோத்து நிற்கிறது, தொட்டால் உடைகிறது. அக்கா இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். வந்தாள், சட்டையைத் தூக்கிப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா வந்திருக்கா. யாரும் தொடாதீங்க. தாளிப்பு வேணாம், குளிப்பு வேணாம், டாக்டர் வேணவே வேணாம்."

வாசலில் வேப்பிலை சொருகியாயிற்று. எனக்கு ஒரு சந்தேகம். அம்மை ஒரு தடவைதான் வரும். எனக்கு மெர்டேக்கா வருஷமே, நாடு சுதந்திரமான அன்றைக்கே, வந்து போய்விட்டது, ஒன்பது வயதில். சொன்னேன்.

"அது நீ இல்ல. நம்ம லயத்துக் குப்பன்."

"நெத்தியில குழி இருக்கே அக்கா."

"அது ரப்பர் பால் வாளி மேல விழுந்தது."

என் நெற்றி எதன் மேல் விழுந்தது என்று எனக்குத் தெரியாதாம்.

மார்ச் 10, திங்கள்

மோர். இளநீர். மறுபடி மோர்.

மார்ச் 13, வியாழன்

சாட்சி தேடினேன். அந்த வருஷம் எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அம்மை கண்டு பாயில் கிடந்த பிள்ளைகள்: நான், குப்பன், செவந்தி, அஞ்சலை, என் தங்கை சின்னத்தங்கம். தங்கை அப்போதே போய்விட்டாள். செவந்தி கல்யாணமாகிப் போன ஜெலாப்பாங்கிலேயே செத்தாள். குப்பனும் பத்து காஜா ஊரில் போய்ச் சேர்ந்தான். அஞ்சலை மட்டும் பாகான் டத்தோவில் மகனோடு இருக்கிறாள், அவளைக் கேட்டால் தெரிந்துவிடும். மகனுக்குப் போன் போட்டோம்.

"அம்மா தீபாவளிக்கு முன்னாடியே தவறிட்டாங்க மாமா. தகவல் வரலையா?"

வரவில்லை. எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டான். சும்மாதான் என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

பனியனைக் கழற்றினால் தோலும் கூட வருகிறது. வாழையிலையில் படுக்க வைத்திருக்கிறார்கள். இலையிலும் ஒட்டுகிறது. காய்ச்சல் வேறு. இப்படியே போனால் எத்தனை நாள் — யாரைக் கேட்பது?

தினேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. "அம்மையா இருந்தா இந்நேரம் காஞ்சிருக்கும் பா. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்." அக்கா வாசலில் குறுக்கே நின்றாள்.

"போனா ஊசி போடுவான்."

"போடட்டுமே அத்தை."

"சின்னத்தங்கத்துக்கும் போட்டான். தோட்டத்துல மருந்து குடுக்கற டிரசர் வந்து போட்டுட்டுப் போனான். விடியறதுக்குள்ள புள்ள போயிட்டா. வேப்பிலையில கிடந்தவன் பொழச்சான். இந்தா, இவன்தான். நான்தானே பக்கத்துல உக்காந்து விசிறினேன்."

தங்கை பேரை அவள் வாயால் கேட்டு எத்தனை காலம்! தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கொஞ்சம் பொறுத்துத்தான் எட்டியது.

"அப்ப எனக்கு வந்துச்சுதானே அக்கா" என்றேன்.

அக்கா வாசலை விட்டு நகர்ந்தாள். எனக்கு முன்னால் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

மார்ச் 17, திங்கள்

ஈப்போ ஆஸ்பத்திரி. நேற்று ராத்திரி ஊசி போட்டார்கள். விடிந்தது. இருக்கிறேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 26, புதன்

வந்த அன்றைக்கே தோலில் துளி வெட்டி எடுத்தார்கள். இன்று டாக்டர் சுவர்ணா படம் காட்டினார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பேச்சில் தெரிகிறது. படத்தில் பச்சைப் பச்சையாக மீன் வலை மாதிரி இருந்தது. அது என் தோலாம்.

"தோல் ஒரே துணி இல்லை ஐயா. சின்னச் சின்னச் செல்கள், ஒண்டோட ஒண்டு பொத்தான் போட்டாப்போல நிக்குது. உங்கட ரத்தமே அந்தப் பொத்தானைக் கழற்றுது. இது அம்மை இல்லை. ஆருக்கும் தொத்தாது."

இத்தனை நாள் என்னை யாரும் தொடாமல் இருந்தது வீண்.

வாயில் ஏன் முதலில் வந்தது என்று கேட்டேன். வாய்க்குள்ளும் அதே மாதிரிப் படலம்தானாம். எச்சில் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

"அந்தப் படலமே உள்ளுக்கு மடிஞ்சு, குழாயா இறங்கி, அடியில சுரப்பியாகுது. எச்சில், வேர்வை, கண்ணீர், எல்லாம் அப்பிடித்தான்."

அப்படியானால் அழுவதும் தோல் செய்கிற வேலை. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.

பொழைப்பேனா என்று கேட்க வந்தவன், தழும்பு வருமா என்று கேட்டுவிட்டேன்.

"கீழ ஒரு மெல்லிய சவ்வு இருக்கு. அடிவரிசைச் செல்கள் அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்குதுகள். அதுகள் விடாத வரைக்கும் மேல எல்லாம் திரும்ப வளரும். நீங்கள் மாத்திரையை விடாதேங்கோ. நீங்களா நிப்பாட்டினா ஆபத்து."

ரப்பர் மரத்தில் பால் வெட்டியவனுக்கு இது புரியும். பட்டையைச் சீவினால் மறுபட்டை வரும். கத்தி கட்டையைத் தொட்டால்தான் மரம் புண்ணாகும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை வருஷப் பிறப்பு. வீட்டுக்கு வந்தாயிற்று. புதுக் கொப்புளம் இல்லை. மாத்திரையால் முகம் பூசணிக்காய் ஆகிவிட்டது. ஓயாத பசி.

"அம்மா இறங்கறா. அதான் பசிக்குது" என்றாள் அக்கா.

"மாத்திரையால அக்கா."

"அதைக் குடுத்ததும் அவதான் லா."

மே 18, ஞாயிறு

முதுகு மூடிவிட்டது. மாத்திரை இன்னும் ரொம்ப நாள் ஓடும். வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் குளிக்கலாம், இலை, மஞ்சள் எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காலையில் அக்கா வாளியோடு வந்தாள். அம்மை இறங்கினால் தலைக்கு ஊற்றுகிற தண்ணீர், வேப்பிலை போட்டு வெயிலில் காயவைத்தது. தினேஸ்வரி டாக்டர் சொன்னதை மெல்லச் சொன்னாள். சண்டை வரும் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பப்பாளி மரத்தடியில் கவிழ்த்தாள். பைப்பில் வெறும் தண்ணீர் பிடித்து, சுடுதண்ணீர் கலந்து, விரலை விட்டுப் பார்த்தாள்.

"குனிடா டேய்."

குனிந்தேன். ஊற்றினாள். முதுகை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ஒரு தழும்பு இல்ல பாரு. நான் கும்பிட்டது வீண் போகல."

டாக்டர் பேரை எடுக்க வாய் வந்தது. எடுக்கவில்லை. எழுபத்தேழு வயதில் என்னை டேய் என்று கூப்பிட உயிரோடு இருப்பது ஒருத்திதான். காளியம்மா.